ஏபெலிங்கின் உலையில் ஒரு சிட்டிகை

எங்கள் பேராசிரியர் ஏபெலிங் ‘அழுக்கு’ என்று சொல்லும்போது, அந்தச் சொல் வாயில் ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று பயந்தவர்போல உதட்டைக் குவித்துத் துப்பிவிடுவார். மனுசன் ஜேர்மன்காரர். ஒஸ்லோவில் அசேதன இரசாயனப் பேராசிரியர். நான் அவருடைய ஆய்வு மாணவி. ‘அசேதன இரசாயனம்’ நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த சொல். காரைக்குடியிலிருந்து வந்து எங்கள் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த கோபாலன் அண்ணா அதையே கனிம வேதியியல் என்பார். எது சரி என்று இரண்டு பேரும் ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை பிடித்து, கடைசியில் நோர்வேஜிய மொழியில் சொல்லிச் சமாதானமாகினோம்.

ஏபெலிங் பிறந்தது ஹார்ட்ஸ் மலையில் ஒரு சுரங்க ஊர். போர் முடிந்தபோது சின்னப் பையன். பசி, குளிர், பிறகு புலமைப்பரிசில், பிறகு உலை. வாழ்க்கை முழுக்க உலைதான். இரண்டு மூன்று தூள்களைக் கலந்து ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு, ஆயிரம் பாகைக்குக் கிட்டச் சூடாக்கி, என்ன வருகிறது என்று பார்ப்பது. ஒரு வருடத்துக்கென்று ஒஸ்லோ வந்தவர், இங்ரிட் என்ற நூலகரைக் கண்டார். அதன் பிறகு அந்த ஒரு வருடம் முடியவே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் நோர்வேயில் இருந்தும் பனிச்சறுக்கு பழகவில்லை, மண்ணிறச் சீஸ் சாப்பிடவில்லை. இங்கே பேராசிரியரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதுதான் வழக்கம். அவர் மட்டும் எல்லாரையும் ‘ஹெர்’, ‘ஃப்ராவ்’ என்று ஜேர்மன் மரியாதை போட்டுத்தான் அழைப்பார். நோர்வேக்காரர் எல்லாரும் என்னை ‘ஆருல்’ என்று வெட்டிச் சுருக்கியபோது, ‘ஃப்ராவ் அருள்நாயகி’ என்று முழுதாகச் சொல்லப் பழகியவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே அவருடைய மற்ற எல்லா அட்டகாசத்தையும் பொறுத்துக்கொண்டேன்.

அட்டகாசம் என்றால் சும்மா இல்லை. ஆய்வுகூடத்துக்குள் வாசனைத் தைலம் கூடாது. உதட்டுச்சாயம் கூடாது. கை வெடித்து இரத்தம் வந்தாலும் கிறீம் பூசக் கூடாது. கோபாலன் அண்ணாவின் சாப்பாட்டுப் பெட்டியில் மஞ்சளைக் கண்ட நாளிலிருந்து, பக்கத்துக் கட்டடத்தில் போய்ச் சாப்பிட்டு, கை கழுவி, பனிக்குள் நடந்து திரும்பி வர வேண்டும் என்று புதிதாக ஒரு சட்டம் வந்தது. கிண்ணத்தில் தூளை நிரப்பும் வேலையை அவர் ஒருவரிடமும் கொடுப்பதில்லை. எங்கள் மூச்சையே அவர் நம்பவில்லை.

இப்படிப்பட்டவருடைய உலைக்குத்தான் கோபாலன் அண்ணா ஆயுத பூசை செய்தார்.

எனக்கு அப்போது அது தெரியாது. நாங்கள் கத்தோலிக்கர். யாழ்ப்பாணத்துச் சைவ ஆட்கள் சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை வைப்பதைக் கண்டிருக்கிறேன். லொறி, தையல் மெசின், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற வழக்கத்தைக் கோபாலன் அண்ணா சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அந்த ஒக்டோபரில், எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, அவர் உலைக் கதவில் மூன்று கோடு திருநீறு இழுத்து, கும்பிட்டு, பிறகு ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இந்தக் கதை இல்லை.

அடுத்த நாள் பேராசிரியர் வந்தார். வழமைபோலத் தானே கிண்ணத்தை நிரப்பி உலையில் வைத்தார். பேரியமும் மங்கனீசும். ஒரு கறுப்புத் தூள் வர வேண்டும். வாரக் கடைசியில் கதவைத் திறந்தால், கிண்ணத்தின் அடியில் கறுப்புக்கு நடுவே மயில் கழுத்து நீலத்தில் பளிங்குகள் சில மினுங்கின. பேராசிரியர் கிண்ணத்தை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “ஃப்ராவ் அருள்நாயகி, எனக்குக் கண்ணில் கோளாறு இல்லையே?” என்று கேட்டார். அவருடைய காது மடல் சிவந்திருந்தது. பாவம், சந்தோசப்பட்டுப் பழக்கமில்லாத மனுசன்.

கிடைத்தது கடுகளவு. எக்ஸ் கதிரில் வைத்து உள் அமைப்பைப் பார்க்க மட்டும் காணும், வேறு சோதனைக்குப் போதாது. அந்தளவையும் வைத்துக்கொண்டு அவர் கட்டுரை எழுதினார், அது வெளிவந்தது. வாழ்க்கை முழுக்கக் கறுப்பும் சாம்பல் நிறமுமான தூள்களைப் பற்றி எழுதி, உலகத்தில் ஒரு பத்துப் பேர் வாசித்த மனுசனுக்கு, திடீரென்று நாலு நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. ‘ஏபெலிங் நீலம்’ என்று ஒருவர் பெயரும் வைத்துவிட்டார். அதைக் கேட்ட அன்று அவர் புதுக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

வினை என்னவென்றால், அந்த நீலம் திரும்ப வரவில்லை. அதே தூள், அதே உலை, அதே சூடு. கறுப்புத்தான் வந்தது. டென்மார்க்கில் லவ்ரிட்சன் என்று இன்னொரு பேராசிரியர் இருந்தார். இருவருக்கும் நெடுங்காலமாகவே ஆகாது. அவர் அடுத்த கோடையில் ஒரு மாநாட்டில் எழுந்து நின்று, “மங்கனீசு தனியாக இப்படி நீலமாக நிற்காது. உங்கள் உலைக்குள் ஏதோ அழுக்கு இருந்திருக்கிறது” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஏபெலிங்கைப் பார்த்து அழுக்கு! அதற்குப் பதிலாக முகத்தில் அறைந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

அதற்கடுத்த வசந்தத்தில் அவருக்கு எழுபது வயதாகிறது. இங்கே சட்டப்படி அதோடு வேலை முடிந்தது. “என் கடைசி விரிவுரைக்கு முன் திரும்பச் செய்து காட்டுவேன். முடியாவிட்டால் அந்தக் கட்டுரையை என் கையாலேயே திரும்பப் பெறுவேன்” என்று லவ்ரிட்சனுக்குச் சொல்லிவிட்டு வந்தார். கட்டுரையைத் திரும்பப் பெறுவது எங்கள் தொழிலில் உயிரோடு செத்த வீடு கொண்டாடுவது மாதிரி. அதன் பிறகு யாரும் அந்தப் பெயரை அதற்கு முந்தின நல்ல வேலைகளோடு சேர்த்து நினைக்க மாட்டார்கள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? இன்னும் சுத்தமாக்கினார். கிண்ணத்தை அமிலத்தில் ஊறவைத்தார், பிறகு இன்னொரு அமிலத்தில். தண்ணீரைத் திரும்பத் திரும்ப வடித்தார். எங்களுக்குத் தலைக்கு உறை போட்டார். சுத்தம் கூடக் கூட நீலம் தூரப் போனது. மனுசன் மெலிந்துகொண்டே போனார், எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடுத்த ஆயுத பூசையும் வந்தது. அன்றைக்கு உலைக்கு முன்னால் நின்ற கோபாலன் அண்ணா திடீரென்று பேயறைந்தவர்போல ஆகி என் கையைப் பிடித்தார்.

“அருள், ஒண்ணு சொல்றேன், கத்தக் கூடாது. போன வருஷம் பூஜை பண்ணும்போது பக்கத்துல கிண்ணம் காலியா இருந்துச்சு. வெறும் பாத்திரத்த வச்சு சாமி கும்பிடக் கூடாதும்பாங்க எங்கம்மா. அதனால ஒரு சிட்டிகை விபூதி போட்டேன்.”

“பிறகு?”

“கவுத்துக் கொட்டிட்டேன்னு நெனச்சேன். இப்ப யோசிச்சா… கொட்டல.”

வெள்ளைக் கிண்ணத்தில் வெளிறின சாம்பல். பேராசிரியரின் கழுகுக் கண்ணும் அதைக் காணவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிடப் பெரிதாகக் கோபமும் வந்தது.

“இவ்வளவு காலமும் வாயிலை என்ன வைச்சிருந்தனீங்கள், கொழுக்கட்டையோ? மனுசன் அரை உயிராப் போனார்! போய்ச் சொல்லுங்கோ.”

“சொன்னா என் கதி? காண்ட்ராக்ட் ஜூன்ல முடியுது. ‘புரொபசர் லேப்ல விபூதி கொட்டினவன்’னு பேரு வந்தா எவன் வேலை குடுப்பான்? முதல்ல நாமளே ஒரு தடவை ட்ரை பண்ணிப் பாக்கலாம். நீலம் வந்தா சொல்லிக்கலாம்.”

நானும் தலையாட்டினேன். நீலம் வந்தால் பேராசிரியரின் கோபம் பாதியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. கோபாலன் அண்ணாவிடம் இருந்த ஊர் விபூதி முடிந்துவிட்டதால், நான் அம்மருட்டில் தமிழ்ச் சாமான் விற்கும் பிலேந்திரன் அண்ணையின் கடைக்குப் போனேன். அவரும் எங்கள் மாதா கோயில் ஆள்தான், ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருகிறவர்.

“எது நல்லது அண்ணை?”

“எல்லாம் ஒண்டுதான் பிள்ளை. இதிலை வாசம் கூட, இதைத்தான் கனபேர் எடுக்கினம்” என்று ஒரு பெட்டியை எடுத்துத் தந்தார். நான் ரொம்சோஸில் எங்கள் வீட்டுக் கதவைத் திறப்பதற்கு முன்னமே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா சூசைரட்ணம் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“திருநீறு வாங்கினனியாம்.”

“ஓம் அப்பா. வேலைக்கு.”

“யூனிவர்சிற்றியிலை இப்ப திருநீறும் பூசுகினமோ?”

“எனக்கில்லை. உலைக்கு.”

“உலைக்கு!” என்று அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியோ, உலைக்காம். பிள்ளை, சுத்தி வளைக்காமல் சொல்லு. ஆர் அந்தப் பெடியன்?”

இல்லாத பெடியனுக்காக இரவுச் சாப்பாடு முழுக்க வழக்கு நடந்தது. “அந்த இந்தியாப் பெடியன் கோயிலுக்கு வருவானோ?” என்று அம்மா சோற்றைப் போட்டபடி கேட்டதுதான் உச்சம். கோபாலன் அண்ணாவுக்கு ஊரில் பெண் பார்த்தாகிவிட்டது என்று சொன்னேன். அதற்கு அப்பா என் தலையைத் தடவி, “பறவாயில்லை, மனசை விட்டிடாதை” என்று ஆறுதல் சொன்னார்.

மறுநாள் பேராசிரியர் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, திருநீறு கலந்த கிண்ணத்தை உலையில் வைத்தோம். வைத்துக் கொஞ்ச நேரத்தில் உலையின் இடுக்கால் சந்தனமும் மல்லிகையும் மணக்கத் தொடங்கின. கலியாண வீடு தோற்றுப்போகும். கோபாலன் அண்ணா துணியால் விசுக்கினார், நான் யன்னலைத் திறந்தேன், யன்னலால் போன வாசம் நேரே கூட்ட அறைக்குப் போனது.

கதவில் பேராசிரியர் நின்றார். மூக்கு மட்டும் முதலில் உள்ளே வந்ததுபோல இருந்தது.

கோபாலன் அண்ணா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஆங்கிலத்தில் தொடங்கி, பயத்தில் பாதி தமிழில் சொன்னார், அந்தப் பாதியை நான் மொழிபெயர்த்தேன். மாட்டுச் சாணம் என்ற இடத்தில் எனக்கே நா எழவில்லை. பேராசிரியர் அசையாமல் கேட்டார். நான் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், அல்லது காவலாளியைக் கூப்பிடுவார் என்று.

“எவ்வளவு?” என்று கேட்டார்.

“ஒரு சிட்டிகை.”

“அது எத்தனை மில்லிகிராம்?”

கோபாலன் அண்ணா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“கடவுளைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை, ஹெர் கோபாலன். நிறை பார்க்காமல் போட்டதைப் பற்றி இருக்கிறது.”

அன்று பின்னேரம் முழுக்க நுண்தராசுக்கு முன்னால் கோபாலன் அண்ணாவை உட்கார வைத்து, பிலேந்திரன் அண்ணையின் திருநீற்றைச் சிட்டிகை சிட்டிகையாக எடுத்துப் போட வைத்தார். “இயல்பாக எடுங்கள். பயந்து எடுக்கிறீர்கள். கும்பிடும்போது இப்படித்தான் எடுப்பீர்களா? கும்பிட்டுக்கொண்டே எடுங்கள்.” பாவம், மனுசன் தராசைப் பார்த்து மந்திரம் முணுமுணுத்தபடி எடுத்தார். சராசரி கண்டு, பிழை வீச்சும் கண்டு, பேராசிரியர் திருப்தியோடு தலையாட்டினார். மாதக்கணக்கில் அவரை அப்படி வேலைப் பசியோடு நான் பார்க்கவில்லை.

எங்கள் கிண்ணத்தில் வந்தது சாம்பல் நிறக் கட்டி ஒன்று. கடைத் திருநீறு பெரும்பாலும் சுண்ணாம்புத் தூள்தான் என்று பேராசிரியர் சோதித்துச் சொன்னார். உண்மையான சாம்பல் வேண்டும். ஆகவே காரைக்குடிக்குத் தொலைபேசி எடுத்தோம். கோபாலன் அண்ணாவின் அம்மா சகுந்தலா சிவராத்திரிக்குத் தானே சாண உருண்டை சுட்டு விபூதி எடுப்பவர். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, பேராசிரியர் பேனாவோடு உட்கார்ந்தார்.

“நெருப்பு எவ்வளவு சூடாக இருக்கும் என்று கேளுங்கள்.”

“தொட்டா சுடும்னு சொல்லுடா” என்றார் அம்மா.

“மாடு என்ன சாப்பிடும்?”

“என்னடா கேள்வி இது? வைக்கோல், தவிடு. தெருவுக்குப் போச்சுன்னா எலெக்‌ஷன் போஸ்டர் திங்கும்.”

கோபாலன் அண்ணா கடைசிப் பகுதியை விழுங்கப் பார்த்தார். நான் விடவில்லை, சொல்லிவிட்டேன். பேராசிரியர் பேனாவை உயர்த்தி, “எந்த நிற மை?” என்று கேட்டார்.

“அவருக்கு உடம்புக்கு என்னடா? வெள்ளைக்காரர் விபூதி கேக்குறாருன்னா பெரிய வியாதியா இருக்கும். பழனிக்கு வேண்டிக்கிறேன்னு சொல்லு” என்றார் அம்மா. அதை மொழிபெயர்த்தபோது பேராசிரியர் எழுந்து நின்று, தொலைபேசிக்குத் தலை குனிந்து நன்றி சொன்னார்.

லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் கோபாலன் அண்ணாவின் சிநேகிதி சுபத்ரா ஊரிலிருந்து திரும்பும்போது அந்த விபூதியைக் கொண்டுவந்தார். பேராசிரியர் சராசரிச் சிட்டிகையை நிறுத்தெடுத்து, தன் கையால் போட்டு, உலையை மூடினார். கதவு திறந்த நாளன்று கிண்ணத்தின் அடி முழுக்க நீலம். நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். பேராசிரியர் குதிக்கவில்லை. சாம்பலில் இருந்த பொஸ்பேற்றுத்தான் மங்கனீசை அப்படி நீலமாக நிற்க வைத்திருக்கிறது என்று இரண்டு நாளில் கண்டுபிடித்தார். ஆய்வுகூடத்துப் போத்தலில் இருந்த சுத்தமான பொஸ்பேற்றைப் போட்டாலும் அதே நீலம் வந்தது. அதாவது லவ்ரிட்சன் சொன்னதுதான் சரி.

கோபாலன் அண்ணா அன்று பேராசிரியரின் அறைக்குப் போய்க் கெஞ்சினார். நானும் கூடப் போனேன்.

“சார், பாட்டில் பாஸ்பேட் போட்டோம்னு மட்டும் சொல்லுங்க. புது பேப்பர் எழுதிடலாம். விபூதி யாருக்கும் தெரிய வேண்டாம்.”

“அவர் சொல்லுறது பொய் இல்லைத்தானே” என்றேன் நான். “போத்தலிலையும் வந்ததுதானே.”

“ஃப்ராவ் அருள்நாயகி,” என்றார் அவர், “முதல் நீலம் போத்தலிலிருந்து வரவில்லை.” அவ்வளவுதான். எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். நடைக்கூடத்தில் கோபாலன் அண்ணாவின் முகம் செத்துப்போயிருந்தது. அன்றைக்கு எனக்கு அந்த ஜேர்மன் கிழவன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. போகிற நேரத்தில் உண்மை பேசிவிட்டு அவர் போய்விடுவார். இருக்கப் போகிறவன் அல்லவா அதைத் தின்ன வேண்டும்?

கடைசி விரிவுரைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. வெளியே மேசையில் பாதாம் மாவில் மூடிய மாசிப்பான் கேக், கொடி, கோப்பி. முன்வரிசையில் லவ்ரிட்சன், கால்மேல் கால் போட்டு. இங்ரிட் எனக்குப் பக்கத்தில் கைக்குட்டையோடு. கோபாலன் அண்ணா கடைசிக்கு முந்தின வரிசையில், கதவுக்குக் கிட்ட இடம் பார்த்து உட்கார்ந்தார்.

பேராசிரியர் தன் கட்டுரையைத் திரையில் போட்டார். “இது பிழை” என்றார். “இதைத் திரும்பப் பெறுகிறேன். ஹெர் லவ்ரிட்சன் அழுக்கு என்றார். அழுக்குத்தான்.” லவ்ரிட்சன் மேலே போட்ட காலைக் கீழே இறக்கினார். “நான் வாழ்க்கை முழுக்கச் சுத்தமாக வேலை செய்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உலகம் என்னைத் திரும்பிப் பார்த்த ஒரேயொரு முறை என் கிண்ணத்தில் மாட்டுச் சாணச் சாம்பல் இருந்தது. அது மிக அழகான நீலம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, வெட்கத்தைவிடச் சந்தோசமாக இருக்கிறது.”

பிறகு பொஸ்பேற்றைப் பற்றி விளக்கினார். இடையில் லவ்ரிட்சன் கையை உயர்த்தினார். அந்த ஆள் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

“சாம்பல் தானாக நடந்து போய்க் கிண்ணத்தில் விழாதே. போட்டது யார்?”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தக் கிண்ணத்தை எடுத்தவன் நான். உள்ளே பார்க்காமல் நிரப்பியவனும் நான். குற்றம் என்று ஒன்று இருந்தால் அது பார்க்காதவனுடையது.”

ஒரு சொல் பொய்யில்லை. அறையைச் சாத்திக்கொண்டு அத்தனை நாளும் அவர் தேடியது இந்த வசனத்தைத்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. லவ்ரிட்சன் தலையை ஆட்டிவிட்டுச் சாய்ந்துகொண்டார். எல்லாம் முடிந்தது, எல்லாரும் தப்பினோம் என்று நினைத்தேன். பின்னாலிருந்து நாற்காலி கிறீச்சிட்டது.

கோபாலன் அண்ணா எழுந்து நின்றார்.

“போட்டது நான்” என்றார் ஆங்கிலத்தில். “அவருக்குத் தெரியாது. சொல்லாமல் இருந்ததும் நான்.”

பேராசிரியரின் முகம் சிவந்தது. அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய வசனத்தை ஒரு நிமிடத்தில் உடைத்துவிட்டானே என்ற கோபம் அது. பிறகு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோபாலன் அண்ணாவை வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு லவ்ரிட்சன் பக்கம் திரும்பினார்.

“பார்த்தீர்களா?” என்றார். “உங்கள் ஆய்வுகூடத்தில் அழுக்கு ஒளிந்திருக்கும். என்னுடைய ஆய்வுகூடத்தில் அது எழுந்து நின்று தன் பெயரைச் சொல்லும்.”

ஏபெலிங் பகிடி விட்டு யாரும் கேட்டதில்லை. சிரிக்கலாமா கூடாதா என்று மண்டபம் தடுமாறியது. முதலில் வெடித்துச் சிரித்தவர் லவ்ரிட்சன். அதன் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. இங்ரிட் என் தோளில் சாய்ந்து சிரித்தார். எனக்கு மட்டும் அழுகை வந்துவிட்டது. இந்த மனுசனை விட்டு இனி எந்த ஆய்வுகூடத்துக்குப் போய் நான் என்ன செய்வது என்றிருந்தது.

கோபாலன் அண்ணா இன்னும் நின்றுகொண்டிருந்தார். உட்காரவும் தெரியவில்லை, ஓடவும் தெரியவில்லை.

“உட்காருங்கள், ஹெர் டொக்டர் கோபாலன்,” என்றார் பேராசிரியர். “திரும்பப் பெறும் கட்டுரைக்குப் பதிலாக வரும் புதிய கட்டுரையில் முதல் பெயர் உங்களுடையது. இப்போது நான் என் விரிவுரையை முடிக்க வேண்டும்.”